உள்பக்கம் பூசிய சுண்ணாம்பு

ஆம்பூரிலிருந்து இன்பராஜ் வந்த அன்று விடிந்ததிலிருந்தே தூறல். சத்துவாச்சாரியில், நெடுஞ்சாலையைப் பார்த்த ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் ஹெலனின் விசாரணை அலுவலகம் இருந்தது. படியேறி வந்த இன்பராஜ், நனைந்த குடையை வெளியிலேயே சாத்திவிட்டு, கையிலிருந்த பையை மட்டும் உள்ளே கொண்டுவந்தார். அதை மேஜைமேல் மெல்ல இறக்கினார். பைக்குள் ஏதோ தூங்குகிறது, எழுப்பிவிடக் கூடாது என்பதுபோல இருந்தது அவர் இறக்கிய விதம்.

"எங்க அண்ணியோட முடிங்க," என்றார்.

ஹெலன் பையைத் தொடவில்லை. உட்காரச் சொன்னார். அவர் போலீஸில் சப்-இன்ஸ்பெக்டராக இருந்து, தாமாகவே வேலையை விட்டு வந்தவர். குரலை உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை. அவருக்கு உதவியாக இருந்த கௌதம் நேர்மாறு. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருந்தவன், முப்பதைத் தாண்டியவன், எந்த வழக்கிலும் முடிவை முதலில் சொல்லிவிட்டு, காரணத்தைப் பிறகு தேடுவான். உச்சியில் முடி கம்மி. காதோரத்து முடியை இழுத்து மேலே வாரி மறைத்திருப்பான். காற்றடித்தால் கை தானாகத் தலைக்குப் போகும்.

இன்பராஜ் சொன்ன கதை இது. ஆம்பூரில் ஆட்டுத்தோல் பதனிடும் டேனரி ஒன்றை அவர் நடத்துகிறார். இறந்துபோன அண்ணனின் மனைவி ரோஸ், பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். பிள்ளைகள் இல்லை. போன வருஷம் நோய் வந்து, வேலூரில் சிகிச்சை நடந்தது. மருந்தில் முடி முழுக்கக் கொட்டியது. பிறகு முளைக்கவே இல்லை. அன்றிலிருந்து விக். வீட்டு மனிதர்களைத் தவிர ஊரில் யாருக்கும் அது தெரியாது. அவ்வளவு நன்றாகப் பொருந்தியிருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில், ஜெபத்துக்காக முந்தானையைத் தலைக்கு இழுத்திருக்கிறார் ரோஸ். கையோடு ஒரு கொத்து முடி வந்துவிட்டது. சபை முழுக்கப் பார்த்தது. ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து வெளியே நடந்தவர்தான். சாயங்காலம் பாலத்துக்குக் கீழே, பாலாற்றங்கரையில் ஒரு பாறைமேல், அவருடைய செருப்பும் இந்த விக்கும் இருந்தன. இந்த வருஷம் மழை ஜாஸ்தி. ஆற்றில் தண்ணீர் ஓடியது. போலீஸ் தேடியது, உடல் கிடைக்கவில்லை. மானம் போய்விட்டதென்று ஆற்றில் விழுந்துவிட்டார் என்று ஊர் பேசிக்கொண்டது.

"நீங்க இன்னா நினைக்கிறீங்க?" என்று ஹெலன் கேட்டார்.

"எங்க இருக்காங்கன்னு கண்டுபிடிச்சிச் சொல்லுங்க, போதும். செவ்வாய்க்கிழமைக்குள்ள சொன்னீங்கன்னா நல்லது."

"ஏதாவது வழி தோணுதா உங்களுக்கு?"

தோன்றியிருந்தது. அதை அவர் நன்றாகவே யோசித்து வைத்திருந்தார். "அண்ணி தலையில ஒண்ணும் இல்லாம வாசலைத் தாண்ட மாட்டாங்க. பால்காரன் கூப்பிட்டாக்கூட இதை மாட்டிக்கிட்டுத்தான் கதவைத் திறப்பாங்க. வீட்டுல போட்டுக்க ஒரு நைலான் முடி வெச்சிருந்தாங்க. கிறிஸ்மஸ் அன்னிக்குப் பிரியாணி தேக்சா மூடியைத் திறந்தப்போ, ஆவி அடிச்சி நெத்தி முடியெல்லாம் கருகிச் சுருண்டுபோச்சி. அதை எறிஞ்சிருப்பாங்க. அப்போ புதுசு ஒண்ணு வாங்கியே ஆவணும் இல்லீங்களா? எந்தக் கடைன்னு எனக்குத் தெரியல. இதுல லேபிளும் இல்ல. அந்தக் கடையைப் பிடிச்சா அண்ணியைப் பிடிச்சிடலாம்."

கருகிய நைலான் முடியை நீங்களும் மறந்துவிடாதீர்கள். பின்னால் வேண்டியிருக்கும்.

ஹெலன் பையைத் திறந்தார். உள்ளிருந்து ஒரு நாற்றம் வந்தது. அழுகிய முட்டையும் ஈரச் சுவரும் சேர்ந்த நாற்றம். கழுத்தளவு நீளமுள்ள, லேசாக நரையோடிய நிஜமுடி விக். பார்க்க எவ்வளவு நயமாக இருந்திருக்கும் என்பது ஓரங்களைப் பார்த்தாலே தெரிந்தது. ஆனால் உச்சியில் உள்ளங்கையளவுக்கு முடியே இல்லை. வலைமட்டும் தெரிந்தது. சுற்றியிருந்த முடி, ஊறிய சோப்புபோல் குழைந்து, அப்படியே காய்ந்திருந்தது.

"ஆத்துத் தண்ணி பட்டு இப்படி ஆயிருக்கும்," என்றார் இன்பராஜ்.

கௌதம் வாயைத் திறந்தான். ஹெலன் அவனைப் பார்க்காமலே, கீழே போய் டீ சொல்லிவிட்டு வரச் சொன்னார். அவன் திரும்பி வந்தபோது இன்பராஜ் கிளம்பிவிட்டிருந்தார். மூன்று டீயும் மேஜைமேல் ஆறின.

"மேடம், அது சல்ஃபைடு," என்றான் கௌதம், இருந்த மூச்சையெல்லாம் சேர்த்து. "தோல்ல இருந்து முடி எடுக்கற மருந்து. ஆம்பூர்ல எல்லா டேனரியிலயும் இதே நாத்தந்தான். அங்க இருக்கறவங்களுக்கு மூக்குல ஏறவே ஏறாது. இந்த அம்மா தலையில எவனோ அதைப் போட்டிருக்கான். அவமானம் தாங்காம ஆத்துல விழுந்துட்டாங்க. கேஸ் முடிஞ்சிச்சி."

"விக் எங்க கிடைச்சதுன்னு சொன்னாரு?"

"பாறைமேல."

"பாறைமேல செருப்போட வெச்சிருந்ததுக்கு ஆத்துத் தண்ணி எப்படிப் படும்? அப்புறம் இன்னொண்ணு. ஆள் காணோம்னு நம்மகிட்ட வர்றவங்க முதல்ல இன்னா கேட்பாங்க?"

கௌதம் யோசித்தான். "இருக்காங்களா, இல்லையான்னு."

"இவரு அதைக் கேட்கவே இல்ல. எங்க இருக்காங்கன்னு கேட்டாரு."

விக்கை உள்பக்கமாகத் திருப்பினார் ஹெலன். உச்சி வலையின் உட்புறத்தில் வெள்ளையாக ஏதோ பூசிக் காய்ந்து, பொருக்காகப் பெயர்ந்துகொண்டிருந்தது. விரலில் தேய்த்தான் கௌதம், சுண்ணாம்பு என்றான். நெற்றிப்பக்கம் விக் நழுவாமலிருக்க மெல்லிய தோல்பட்டை ஒன்று வைத்துத் தைத்திருந்தது. அதைக் கண்டதும் அவன் முகம் மலர்ந்தது. அது ஷூவுக்குள் வைக்கும் லைனிங் தோல். அவனுடைய கம்பெனியில் ஷூவின் மேல்பாகமான அப்பர் தைத்துக்கொண்டிருந்த வஹீதா அக்கா, வேலையை விட்டு வேலூரில் விக் கடை வைத்தவர், மீந்துபோன லைனிங்கை இதற்காகத்தான் கேட்டு வாங்கிப் போவார்.

"கடை தெரிஞ்சிபோச்சி மேடம். அவருக்கு போன் பண்ணிடவா?"

"வேணாம். முதல்ல ஆம்பூர்."

*

ரோஸின் வீடு சிறியது. மாடியில் ஒரே ஒரு அறை. சாவியை இன்பராஜின் டிரைவர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, தெருமுனையில் ஒரு சாம்பல் நிறக் காரில் போய் உட்கார்ந்துகொண்டான்.

படுக்கையறை அலமாரிமேல் இரண்டு ஸ்டாண்டுகள் இருந்தன, தலையளவு உருண்டையாக. ஒன்று நல்ல முடிக்கு, ஒன்று வீட்டு முடிக்கு. இரண்டும் காலி. பக்கத்தில் அகலப் பல் சீப்பும், நிஜமுடிக்குப் போடும் கண்டிஷனரும் இருந்தன. எல்லாம் அதனதன் இடத்தில். ஆசிரியை வீடு அல்லவா. முகமில்லாத அந்த உருண்டைகள் இரண்டும் வாசலைப் பார்த்தபடி நின்றதில் கௌதமுக்கு என்னவோபோல் இருந்தது. ஒன்றைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தான்.

பின்கட்டில் குடியிருந்த பூவம்மாள் எட்டிப் பார்த்தாள். காலையில் ரோஸ் வீட்டைக் கூட்டிப் பெருக்கிவிட்டு, அப்புறம் டேனரி வேலைக்குப் போகிறவள். ஹெலன் படியில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். சர்ச்சில் நடந்ததை அவள் சொன்னாள். இவளும் அன்று பின்வரிசையில்தான் இருந்தாளாம். டீச்சரம்மா கையில் முடி குழைந்து வந்தது. எல்லாரும் தலையைப் பார்த்தார்கள். டீச்சரம்மா மட்டும் தன் கையை மூக்குக்கிட்டே கொண்டுபோய் மோந்து பார்த்தார். அதற்குப் பிறகுதான் முகம் வெளிறியது.

"அன்னிக்கு எப்படிப் போனாங்க சர்ச்சுக்கு?"

"சின்னவரு கார்லதாம்மா. அண்ணன் செத்த பொறவு இந்த வாசப்படியை மிதிக்காத மனுஷன், அன்னிக்குன்னு பார்த்து வந்தாரு. அம்மா குளிச்சிட்டு வர்ற வரைக்கும் உள்ளயே உக்காந்திருந்தாரு."

பூவம்மாளின் கைகளில் தோல் உரிந்து, விரலிடுக்கெல்லாம் வெந்திருந்தது. அது எதனால் என்று ஹெலன் கேட்டார்.

"ஆட்டுத்தோலுக்குச் சுண்ணாம்பும் சல்ஃபைடும் கலக்கிப் பூசறதும்மா. உள்பக்கந்தான் பூசுவோம், முடியைத் தொடவே மாட்டோம். ஊறிச்சின்னா மேல முடி தானா வேரோட கழண்டு கையோட வந்துடும். கிளவுஸ் குடுப்பாங்க, அது ரெண்டு நாளு தாங்காது."

"நைலான் முடி ஒண்ணு கருகிப்போச்சாமே, அதை எறிஞ்சிட்டாங்களா?"

"டீச்சரம்மா எறியறதா? கிழிஞ்ச பாவாடையைக்கூடத் துணி துடைக்க வெச்சிருப்பாங்க. குப்பை நாந்தானே கொட்டறேன். நான் பார்க்கல."

பிறகு அவளாகவே மாடிக்குக் கூட்டிப்போனாள். ஜன்னலைத் திறந்ததும் இன்பராஜின் டேனரி முற்றம் முழுவதும் தெரிந்தது. மூலையில் இரும்பு மூடி போட்ட கழிவுத்தொட்டி. அதைப் பார்க்காமல், ஜன்னல் கம்பியைப் பார்த்தபடி பேசினாள் பூவம்மாள். அவள் மகன் புகழேந்தி அந்தத் தொட்டியில்தான் செத்தான். குடித்துவிட்டு விழுந்தான் என்று எழுதிவிட்டார்கள். அவன் டீயைத் தவிர எதையும் குடித்ததில்லை. கயிறு இல்லாமல், முகமூடி இல்லாமல் இறங்க மாட்டேன் என்று அவன் பின்வாங்கியதையும், சின்னவர் அவன் தோளில் கைவைத்து இறக்கியதையும், சத்தம் நின்றதும் மூடியை இழுத்துப் போட்டுவிட்டுப் போனதையும் இந்த ஜன்னலிலிருந்து பார்த்தது ஒரே ஒருவர். டீச்சரம்மா. பார்த்ததைப் போலீஸில் சொன்னார். கோர்ட்டில் சொல்ல வேண்டியது வருகிற புதன்கிழமை.

"அவங்க வரலைன்னா கேஸ் இல்லைன்னு வக்கீலு சொல்றாரு," என்றாள் பூவம்மாள். "உசுரோட இருந்தா வந்துடுவாங்கம்மா. அதான் எனக்குப் பயமா இருக்குது."

திரும்பும் வழியில் பஸ் ஜன்னல் ஓரமாகக் கௌதம் உட்கார்ந்தான். பள்ளிகொண்டாவைத் தாண்டிய பிறகு, பூவம்மாள் தினமும் அந்த வீட்டுக்குள் போய் வருகிறவள், கையில் சல்ஃபைடும் இருக்கிறது, அவளாக இருக்கலாமே என்று மெல்ல ஆரம்பித்தான்.

"தன் பிள்ளைக்காகச் சாட்சி சொல்லப்போறவங்க தலையில அவ எதுக்குத் தம்பி பூசறா?"

ஹெலன் குரலைத் தாழ்த்தினார். "நம்மகிட்ட வந்தவரு அண்ணியைத் தேடல. சாட்சியைத் தேடறாரு. புதனுக்கு முன்னால அவங்க இவரு கையில கிடைச்சாங்கன்னா, அந்த அம்மா கோர்ட்டுக்கு வந்து சேர மாட்டாங்க."

"அப்போ கேஸை விட்டுடலாம் மேடம்."

"நாம விட்டா அவரே தேடுவாரு. கடைன்னு ஒரு நூல் அவரு கையில இருக்குது. பின்னாடி பாரு."

பஸ்ஸுக்குப் பின்னால், மழையில் வைப்பர் ஆட, சாம்பல் நிறக் கார் வந்துகொண்டிருந்தது.

*

வேலூரில் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துச் சந்தில் வஹீதாவின் கடை. முன்பக்கம் கண்ணாடிக் கதவு. உள்ளே மூன்று சுவரிலும் தலை உருண்டைகள். நாற்காலியில், தலையில் ஸ்கார்ஃப் கட்டிய ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள்; புருவமும் இல்லை. வஹீதா அவள் தலையில் விக்கை வைத்து, நெற்றிப் பட்டையைச் சரிசெய்து, பிடரியில் கொக்கியை மாட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். பெரிய விக் வேண்டாம், உன் முகத்துக்கு இந்த அளவுதான். பழைய போட்டோ இருந்தா கொண்டா, வகிடு எந்தப் பக்கம்னு பார்த்து எடுக்கலாம் என்றார். அந்தப் பெண் கண்ணாடியைப் பார்க்கவே இல்லை.

ஹெலனும் கௌதமும் ஓரமாக நின்றார்கள். அந்தப் பெண் முடிக்கும் வரை காத்திருப்பதுதானே முறை.

"பச்சைத் தண்ணியில அலசு. கசக்காத, முறுக்காத. துண்டுல ஒத்தி எடுத்துட்டு, எதுமேலயாச்சும் கவுத்துக் காயவெச்சிடு. சீவறப்போ நுனியில இருந்து சீவு, மேல இருந்து இழுத்தா வலை பிஞ்சிடும். நைலானா இருந்தா அடுப்புக்கிட்ட போவாத. இட்லிப் பானை மூடியைத் திறக்கறப்போ தள்ளி நில்லு. ஒரு தடவை கருகிச்சின்னா கருகினதுதான். நான் இல்ல, யாராலயும் சரிபண்ண முடியாது. தூக்கிப்போட வேண்டியதுதான்."

"ராத்திரி?" என்றாள் அந்தப் பெண், முதல் முறையாக வாய் திறந்து.

"ராத்திரி அதுக்கும் ரெஸ்ட்டு, உனக்கும் ரெஸ்ட்டு. கழட்டி ஸ்டாண்டுல மாட்டிட்டு நிம்மதியாத் தூங்கு. தலைக்கும் காத்து வேணும்மா."

அவள் போன பிறகு வஹீதா கௌதமைப் பார்த்துச் சிரித்தார். "இன்னாடா தோஸ்த், இன்னும் அந்த நாலு முடியை வெச்சி ஊரை ஏமாத்தறியா? உக்காரு, உச்சியில ஒட்ட உனக்கு ஒரு பேட்ச் அளவெடுக்கறேன்."

"சும்மா இருக்கா நீ வேற," என்றான் கௌதம். ஆனாலும் பேட்ச் எப்படி ஒட்டுவார்கள், மழையில் நனைந்தால் கழன்றுவிடுமா என்று கேட்டுக்கொண்டே உள்ளே போய் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்க்க ஆரம்பித்தான்.

ஹெலன் ரோஸின் விக்கைப் பையிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தார். வஹீதாவின் சிரிப்பு நின்றது. தான் தைத்ததுதான் என்று ஒத்துக்கொண்டார். டீச்சர் கடைசியாக எப்போது வந்தார் என்று கேட்டதற்கு, மாசக்கணக்காகிறது, புதிதாக எதுவும் வாங்கவில்லை என்றார். சொல்லும்போது கை மேஜைத் துணியை நீவிக்கொண்டே இருந்தது.

கடைக்குப் பின்னால் மாடிப்படி; மேலே வஹீதாவின் வீடு. கடைக்குள்ளேயே ஜன்னல் ஓரத்தில், கவிழ்த்து வைத்த ஊறுகாய் ஜாடிகளின்மேல் ஐந்தாறு விக்குகள் காய்ந்துகொண்டிருந்தன. அதில் ஒன்று நைலான். நெற்றிமுடி பொரிந்து சுருண்டிருந்தது.

"அது?" என்றார் ஹெலன்.

"அதுவா... ரிப்பேருக்கு வந்ததும்மா."

ஹெலன் தலையசைத்தார். கண்ணாடிக் கதவுக்கு வெளியே, எதிர் டீக்கடையின் அருகே சாம்பல் நிறக் கார் வந்து நின்றது. ஹெலன் வஹீதாவின் காதருகே குனிந்து ஏதோ சொன்னார். ஓரிரு வாக்கியம்தான் இருக்கும். வஹீதாவின் முகத்தில் ரத்தமே இல்லை. பிறகு ஹெலன், தெருவுக்குக் கேட்கும்படி, "இங்க வரவே இல்லைன்னு சொல்றீங்க. சரி, வந்தா தெரியப்படுத்துங்க," என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். கௌதம் பேட்சை அவசரமாக இருந்த இடத்தில் வைத்துவிட்டு ஓடிவந்தான்.

"வஹீதா அக்காவைக் காட்டிக்குடுத்துட்டோமே மேடம்," என்றான் தெருமுனையில். "அந்த டிரைவர் நமக்குப் பின்னாடியே வந்து கடையைப் பார்த்துட்டான்."

"ஆமா," என்றார் ஹெலன். "இனிமே அந்தக் கடையில ஒண்ணும் இல்லைன்னு அவரே நம்பணும். நாம சொன்னா நம்ப மாட்டாரு."

*

செவ்வாய்க்கிழமை இன்பராஜ் வந்தார். இந்தத் தடவை டிரைவரும் மாடிக்கு வந்து வாசலில் நின்றுகொண்டான். விக் மேஜைமேல் இருந்தது. கௌதம் சுவரோரமாக நின்றான். ஹெலன் என்ன சொல்லப்போகிறார் என்று அவனுக்கும் தெரியாது.

"கடையைக் கண்டுபிடிச்சிட்டீங்க," என்றார் இன்பராஜ்.

"உங்க டிரைவரும் பார்த்தாரே. சின்னக் கடை." ஹெலன் விரல்களைக் கோத்துக்கொண்டார். "நீங்க சொன்னதை வெச்சித்தான் நான் யோசிச்சேன். தலையில ஒண்ணும் இல்லாம உங்க அண்ணி வாசலைத் தாண்ட மாட்டாங்க. அப்படித்தானே?"

"செத்தாலும் தாண்ட மாட்டாங்க."

"நல்ல முடி இங்க இருக்குது. நைலான் முடி கருகிப்போச்சி. கருகினது கருகினதுதான்னு கடைக்காரம்மாவும் சொன்னாங்க, யாராலயும் சரிபண்ண முடியாதாம். புதுசு எதுவும் வாங்கலைன்னாங்க. அந்த ஞாயித்துக்கிழமைக்கு அப்புறம் ஆம்பூர்ல அவங்களை யாருமே பார்க்கல." கொஞ்சம் நிறுத்தினார். "முடி இல்லாம வெளிய வராத ஒருத்தங்க, முடியே இல்லாம இத்தனை நாளா எங்க இருப்பாங்க? நீங்களே சொல்லுங்க."

இன்பராஜ் விக்கைப் பார்த்தார். உச்சியில் முடியில்லாத அந்த வட்டத்தைப் பார்த்தார். அவருடைய தோள்கள் மெல்ல இறங்கின.

"ஆத்துலதான்," என்றார்.

ஹெலன் கோத்த விரல்களைப் பிரித்தார்.

இன்பராஜ் எழுந்தார். முதல் நாள் வந்தபோது இருந்ததைவிட இளமையாகத் தெரிந்தார். அழவில்லை. ஆற்றில் எவ்வளவு தூரம் தேடலாம் என்று கேட்கவில்லை. வாசலுக்குப் போனவரை ஹெலன் கூப்பிட்டு, இந்த விக்கை என்ன செய்வது என்று கேட்டார்.

"இனிமே அது எதுக்குங்க? குப்பையில போடுங்க."

கீழே கார் கிளம்பும் சத்தம் கேட்டதும், ஹெலன் கையுறை மாட்டிக்கொண்டு விக்கை ஒரு புது உறைக்குள் போட்டு ஒட்டினார். கௌதம் சுவரோரத்திலிருந்து மேஜைக்கு வந்தான். அந்த அம்மா நிஜமாகவே போய்விட்டார்களா என்று கேட்டான்.

"நான் அப்படிச் சொன்னேனா? கேள்விதான் கேட்டேன். பதில் அவரு சொன்னது." ஹெலன் நாற்காலியை அவன் பக்கம் தள்ளினார். "உக்காரு. ஒரு முடியைக் கெடுக்கணும்னா ஊர்ல மத்தவங்க இன்னா பண்ணுவாங்க? கத்தரிப்பாங்க, கொளுத்துவாங்க, மேல எதையாச்சும் ஊத்துவாங்க. இதுல மேல ஒரு பொட்டு சுண்ணாம்பு இல்ல. உள்வலையில பூசியிருக்குது. ஆட்டுத்தோலுக்குப் பூசற மாதிரி. விக்கைக் கையில எடுத்ததும் அந்தக் கை தானா உள்பக்கம் திருப்பியிருக்குது. காலமெல்லாம் செஞ்ச பழக்கம். அன்னிக்குக் காலையில அந்த வீட்டுல தனியா உக்காந்திருந்த டேனரிக்காரர் ஒருத்தருதான். தடவினது காய்ஞ்சிடும், கண்ணுக்குத் தெரியாது. சர்ச்சுல கூட்டமும் புழுக்கமும். வேர்வை பட்டதும் ஊறி வேலை செய்ய ஆரம்பிச்சிடுச்சி."

"எதுக்கு மேடம் இப்படி? மிரட்டறதுக்கு வேற வழியா இல்ல?"

"இன்னிக்கு முடி, நாளைக்குத் தலைன்னு எழுதி அனுப்பினா அது சாட்சி ஆயிடும். இது அந்த அம்மாவுக்கு மட்டும் புரியற கடுதாசி. மோந்து பார்த்தாங்கன்னு பூவம்மாள் சொன்னாளே. அவங்க வெளிறினது வெட்கத்துல இல்ல. அன்னிக்கே போலீஸுக்குப் போயிருந்தா பாதுகாப்பு வர்றதுக்குள்ள இவரு வந்திருப்பாரு. அதனால செருப்பையும் முடியையும் பாறைமேல வெச்சிட்டு, ஆறே தன்னைக் கொண்டுபோயிட்டதா ஊரை நம்பவெச்சிட்டாங்க. ஊரு நம்பிச்சி. இவரு மட்டும் நம்பல."

"உயிரோட இருக்காங்கன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"கருகினதை யாராலயும் சரிபண்ண முடியாது, தூக்கிப்போடணும்னு உன் வஹீதா அக்கா சொன்னதைக் கேட்டே இல்ல? அடுத்த நிமிஷமே, கருகின ஒண்ணு ரிப்பேருக்கு வந்திருக்குதுன்னு சொன்னாங்க. ரிப்பேரே ஆகாததை எவளாச்சும் துவைச்சிக் காயவெப்பாளா? அதைப் போட்டுக்க ஒரு ஆள் அந்த வீட்டுல இருந்தாத்தான் காயவெப்பாங்க. டீச்சரம்மா எதையும் எறியறவங்க இல்ல. ஓடறப்போ கூட வீட்டுக்குப் போய் அதைப் பையில போட்டுக்கிட்டுத்தான் ஓடியிருக்காங்க."

கௌதமின் கை தலைக்குப் போய், பாதியில் நின்றது. "அவங்க காதுல இன்னா சொன்னீங்க?"

"அந்த ஜாடியை உள்ள எடுத்து வைங்க, கண்ணாடி வழியா ரோட்டுக்குத் தெரியுதுன்னு சொன்னேன். மாடிக்குப் போய் அந்த அம்மாகிட்ட ஒரு கேள்வி கேட்கவும் சொன்னேன். இன்பராஜ் நம்பற ஒண்ணு இருக்குது. அதை உங்களால பொய்யாக்க முடியுமான்னு."

*

புதன்கிழமை காலை ஆம்பூர் கோர்ட் தாழ்வாரத்தில் கூட்டம் நிறைய இருந்தது. இன்பராஜ் தன் வக்கீலோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். பூவம்மாள் தூணோரமாகத் தரையில் உட்கார்ந்திருந்தாள். அவளிடம் யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. சொன்னால் முகத்தில் தெரிந்துவிடும் என்று ஹெலன் தடுத்திருந்தார். கையில் மகனின் போட்டோவை வைத்திருந்தாள்.

பர்தா அணிந்த இரண்டு பெண்கள் படியேறி வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால், சாதாரணப் புடவையில் ஹெலனின் பழைய போலீஸ் தோழி ஒருத்தி. தாழ்வாரம் குறுகல். இன்பராஜ் ஒரு பக்கம் ஒதுங்கி அவர்களுக்கு வழிவிட்டார். முன்னால் போன பெண்ணின் துணி அவர் சட்டையில் உரசியது. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தலையில் விக் வைத்த ஒருத்தியைத்தான் அவர் இத்தனை நாளும் தேடிக்கொண்டிருந்தார். இப்போது தேடுவதையும் விட்டுவிட்டார்.

சாட்சியின் பெயரைக் கூப்பிட்டார்கள். இன்பராஜின் வக்கீல் எழுந்து, சாட்சி உயிரோடு இல்லை என்று சொல்ல ஆரம்பித்தார்.

பர்தா போட்ட பெண்களில் ஒருத்தி எழுந்தாள். நடந்துகொண்டே முகத்திரையைத் தூக்கினாள். கூண்டில் ஏறி, கறுப்புத் துணியை முழுவதும் கழற்றி மடித்து, கம்பிமேல் போட்டாள். உள்ளே நீலப் புடவை. தலையில் விக் இல்லை, ஸ்கார்ஃப் இல்லை, முந்தானையும் இழுத்திருக்கவில்லை. வெறும் தலை. உச்சியில் உள்ளங்கையளவுக்குச் சிவந்து வெந்த புண். அதன்மேல் விக் வலையின் கட்டம் கட்டமான தடம் அப்படியே பதிந்திருந்தது. ஹெலன் உறைக்குள் வைத்திருந்த வலையை எடுத்து அதன்மேல் பொருத்தினால், சரியாகப் பொருந்தும்.

பின்வரிசையில் பூவம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள். இன்பராஜ் எழுந்தவர் எழுந்தபடியே நின்றார்.

நீதிபதி வயதானவர். பேனாவைக் கீழே வைத்தார். பிறகு, தலையை மூடிக்கொள்ள வேண்டுமானால் மூடிக்கொள்ளலாம் என்று தணிவாகச் சொன்னார்.

"வேணாங்கய்யா," என்றார் ரோஸ். வகுப்பில் கடைசி பெஞ்சுக்கும் கேட்கப் பேசிப் பழகிய குரல் அது. "புகழேந்தியைப் பத்திச் சொல்றதுக்கு முன்னால, முதல்ல இதை எழுதிக்கச் சொல்லுங்க."